பிறக்கும்போதே பழசா வந்த கார்

1991 பிப்ரவரி 14. காதலர் தினம். ஜப்பான்ல நிஸ்ஸான் கம்பெனி ஒரு குட்டிக் காரை விற்பனைக்குக் கொண்டு வருது. வட்டமான ஹெட்லைட், பளபளன்னு க்ரோம், வெள்ளை சீட், பின்னாடி மடிச்சு விடுற துணிக் கூரை. பார்த்தா 1950கள்ல ஐரோப்பாவுல ஓடின வண்டியைத் துடைச்சுக் கொண்டு வந்து நிறுத்தின மாதிரி இருக்கும். விலை 18,70,000 யென். ஆனா அந்தப் பணத்தைக் கையில வச்சுக்கிட்டு ஷோரூமுக்குப் போனா கார் கிடைக்காது. பேர் எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வரணும். குலுக்கல்ல உங்க பேர் விழுந்தாத்தான் காசு கட்டவே விடுவாங்க.

அந்தக் காரோட பேர் ஃபிகாரோ. முதல்ல 8,000 கார்தான் செய்யறதா திட்டம். கேட்டவங்க கூட்டத்தைப் பார்த்துட்டு 20,000ன்னு ஏத்தினாங்க. அதோட கதை முடிஞ்சது, மறுபடி செய்யவே இல்லை. அப்போ இன்னைக்கு இந்தக் கார் வேணும்னா ஒரே வழிதான். செகண்ட் ஹேண்ட். இந்த எபிசோட்ல ரெண்டு விஷயம் பேசப் போறேன். இந்தக் கார் ஏன் பிறந்தது, இன்னைக்கு இதை ஒருத்தர் வாங்கணும்னா எதைப் பார்க்கணும். ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி தெரியும். என்னைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் தெரியாம ரெண்டாவதுக்குப் பதில் சொல்ல முடியாது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1980கள் தொடக்கம். ஜப்பான்ல டொயோட்டாவுக்கு அடுத்த இடத்துல நிஸ்ஸான். இன்ஜின் நல்லா இருக்கும், உடையாது, எல்லாம் சரி. ஆனா பார்க்க? ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி பெட்டி பெட்டியா இருக்கும். விற்பனையில அவங்க பங்கு குறைஞ்சுக்கிட்டே வந்தது. 1982ல அவங்க மார்ச்னு ஒரு சின்ன ஹேட்ச்பேக் கொண்டு வந்தாங்க. 987 சிசி, நாலு சிலிண்டர். வெளிநாட்டுல இதே கார் மைக்ரா. மைக்ரான்னா நமக்குத் தெரியும் இல்லையா? நம்ம ஒரகடத்துல 2010ல நிஸ்ஸான் செய்ய ஆரம்பிச்சு, எண்ணூர்ல கப்பல் ஏத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பின மைக்ரா இந்த வம்சத்துல பின்னாடி வந்த பேரப்பிள்ளை. 1982ல வந்தது தாத்தா. இந்தத் தாத்தாவை ஞாபகம் வச்சுக்கோங்க, கதை முழுக்க இவர்தான் அடியில உட்கார்ந்திருக்கார்.

மார்ச்சை அடிப்படையா வச்சு ஒரு வித்தியாசமான கார் செய்யணும்னு நிஸ்ஸான் முடிவு பண்ணினப்போ, டிசைன் குழுக்களுக்குள்ள போட்டி வச்சாங்க. வெளியாள் ஒருத்தரையும் கூப்பிட்டாங்க. பேர் நவோகி சகாய். இவர் கார் டிசைனரே இல்லை. இளவயசுல சான் ஃபிரான்சிஸ்கோ போய், பச்சை குத்தின மாதிரி படம் அச்சடிச்ச டி-ஷர்ட் வித்தவர். அப்புறம் டோக்கியோவுல வாட்டர் ஸ்டூடியோன்னு ஒண்ணு நடத்தினார். கார் கம்பெனி மீட்டிங்ல எல்லாரும் குதிரைத்திறன், ஏரோடைனமிக்ஸ்னு பேசுற இடத்துல, துணிக்கடைக்காரர் மாதிரி யோசிக்கிற ஒருத்தர் உட்கார்ந்தா என்ன ஆகும்? வேகமான கார் வேண்டாம், ஒருத்தர் தன் வீட்டு நாற்காலி மேல வைக்கிற பிரியம் மாதிரி ஒண்ணு வர்ற கார் வேணும்கிற பக்கம் பேச்சு திரும்பும். போட்டியில ஜெயிச்சது பி குழுவோட முதல் திட்டம். பி-1. அதையே காருக்கும் பேரா வச்சுட்டாங்க: பீ-ஒன். நம்ம ஆபீஸ்ல தற்காலிகமா வச்ச ப்ராஜெக்ட் பேர் ப்ரொடக்ஷன் வரைக்கும் போயிடுமே, அந்த மாதிரி.

1985 டோக்கியோ மோட்டார் ஷோவுல பீ-ஒன்னைக் காட்டினாங்க. 1987 ஜனவரியில விற்பனை. மொத்தமே 10,000 கார்தான்னு சொல்லிட்டாங்க. உருண்டையான உடம்பு. கலர் பேர்கள்ல மூணு காய்கறிக் கடை: பூசணி மஞ்சள், தக்காளிச் சிவப்பு, வெங்காய வெள்ளை. முன் மட்கார்டு தகரத்துல இல்லை, வளைஞ்சு கொடுக்கிற பிளாஸ்டிக். டோக்கியோவுல ஃபேஷன் கடைகள் இருக்கிற அவோயாமா பகுதியில பீ-ஒன் பேர்ல தனிக்கடையே திறந்தாங்க. கார் வாங்க முடியாதவங்க அந்தப் பேர் போட்ட சாமான் வாங்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நாள்லயே 10,000 காரும் முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் தமாஷ். பழைய கார் சந்தையில பீ-ஒன் புதுக் கார் விலையை விட அதிகமா போச்சு. வாங்கினவன் ஓட்டிட்டு வித்தாலும் லாபம். கார்ங்கிறது ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிஷமே விலை குறையுற சாமான்னுதானே நமக்குத் தெரியும்? இங்க அது தலைகீழாச்சு.

இந்த இடத்துல நிஸ்ஸானுக்கு ஒரு பிரச்சனை வந்தது. நம்ம பாஷையில சொன்னா டிமாண்ட் அதிகம், சப்ளைக்கு ஒரு லிமிட், நடுவுல ஏஜென்ட்டுங்க. தட்கல் டிக்கெட் பிரச்சனையேதான். அடுத்த காருக்கு அவங்க வேற வழி பார்த்தாங்க. அதுதான் பாவோ. 1989 ஜனவரியில ஆரம்பிச்சு மூணு மாசம் கவுண்ட்டர் திறந்திருக்கும். அதுக்குள்ள யார் கேட்டாலும் கார் உண்டு, மூணு மாசம் முடிஞ்சா மூடிடுவோம். இவ்வளவு கார்தான்னு எண்ணிக்கையில உச்சவரம்பு கிடையாது. 51,657 பேர் புக் பண்ணினாங்க. கடைசி ஆளுக்குக் கார் போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பாவோ பார்க்க காட்டுக்கு சஃபாரி போற வண்டி மாதிரி இருக்கும். கதவுக் கீல் வெளியில தெரியும், கண்ணாடி ஜன்னல் மேல தூக்கித் திறக்கும். அதே சமயத்துல எஸ்-கார்கோன்னு நத்தை மாதிரி ஒரு டெலிவரி வேனும் வந்தது. பேரைச் சத்தமா சொல்லிப் பாருங்க, பிரெஞ்சுல நத்தைக்கு அதுதான் வார்த்தை. ஜோக் அவ்வளவுதான்.

இந்த நாலு வண்டிகளுக்கும் சேர்த்து 'பைக் கார்'னு பேர். டூ வீலர் பைக் இல்லை மக்களே. பைக்னா ஈட்டி. கூர்மையா குத்திக்கிட்டு நிக்கிற டிசைன்னு அர்த்தம். இவ்வளவு உருண்டையான கார்களுக்கு ஈட்டின்னு பேர் வச்சவங்க யாரோ, அவங்களைப் பார்த்து ஒரு காபி வாங்கிக் கொடுக்கணும்.

இப்போ ஃபிகாரோவுக்கு வருவோம். இதுல எனக்குப் பிடிச்சது தேதிகள்தான். ஃபிகாரோவை முதல்ல காட்டினது 1989 அக்டோபர், டோக்கியோ மோட்டார் ஷோ. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, டிசம்பர் 29ஆம் தேதி, ஜப்பான் பங்குச் சந்தை நிக்கேய் 38,915ல நின்னது. உச்சம். அதுக்கப்புறம் சரிஞ்சது சரிஞ்சதுதான். அந்த உயரத்தைத் திரும்பத் தொட 2024 பிப்ரவரி வரைக்கும் ஆச்சு. ஃபிகாரோ கடைக்கு வந்தப்போ காத்து ஏற்கெனவே இறங்க ஆரம்பிச்சாச்சு. ஊரே காசுல மிதந்தப்போ கனவு கண்டு, காசு கரையறப்போ கையில கிடைச்ச கார் இது. எட்டு வருஷம் கழிச்சு, 1999ல, கடன்ல மூழ்கின நிஸ்ஸானையே ரெனோ வந்து தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. குலுக்கல் போட்டு கார் வித்த கம்பெனியோட நிலைமை அது.

இன்னொரு விஷயம். ரெட்ரோன்னா பழசை நினைச்சு ஏங்குறது. ஆனா யாரோட பழசு? 1950கள்ல ஜப்பான்ல சொந்தமா கார் வச்சிருந்த குடும்பம் ரொம்பக் குறைவு. ஃபிகாரோ ஞாபகப்படுத்துற அந்த இளம்பச்சை, க்ரோம், துணிக் கூரை உலகம் அவங்க தாத்தா பாட்டி வாழ்ந்த உலகம் இல்லை. அது ஐரோப்பா. இன்னும் குறிப்பா சொன்னா, போருக்குப் பிறகு நிஸ்ஸான் கார் செய்யக் கத்துக்கிட்டதுல பெரிய பங்கு பிரிட்டனுக்கு உண்டு. 1952ல பிரிட்டனோட ஆஸ்டின் கம்பெனிகூட ஒப்பந்தம் போட்டு, ஆஸ்டின் கார்களை உதிரி பாகமா இறக்கி, ஜப்பான்லயே பூட்டி வித்தாங்க. ஒவ்வொரு பாகமா உள்ளூர்ல செய்யக் கத்துக்கிட்டு 1950கள் முடியறப்போ சொந்தக் கால்ல நின்னாங்க. அப்போ ஃபிகாரோவோட முகத்துல இருக்கிறது ஒரு மாணவனோட ஞாபகம். வாத்தியார் சின்ன வயசுல எப்படி இருந்தார்னு அவன் வரைஞ்ச படம்னு வச்சுக்கலாம். இது என்னோட வாசிப்பு. டிசைன் பண்ணினவங்க மனசுல இது இருந்ததான்னு நான் சொல்ல வரலை. ஆனா இதுக்குப் பின்னாடி நடந்ததைப் பார்த்தா இந்த வாசிப்பு பொருந்துது.

ஏன்னா ஃபிகாரோ கடைசியில போய்ச் சேர்ந்த ஊர் பிரிட்டன். ஜப்பானுக்கு வெளியில இந்தக் காரை நிஸ்ஸான் விக்கவே இல்லை. ஆனா ஜப்பான்ல பழைய கார் வச்சிருக்கிறது செலவு. புதுக் கார்னா மூணு வருஷம் கழிச்சு முதல் 'ஷாக்கென்' சோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பேருக்கு எஃப்.சி. மாதிரி இருந்தாலும், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து பர்ஸ் கனமா காலியாகும். அதனால நல்லா ஓடுற கார்கள்கூட ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறும். ஜப்பான்லயும் ஸ்டீயரிங் வலது பக்கம், பிரிட்டன்லயும் வலது பக்கம். எதையும் மாத்தாம ஓட்டலாம். அப்படியே ஆயிரக்கணக்குல போய் இறங்கிச்சு. டாக்டர் ஹூ ரசிகர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, அதோட கிளைத் தொடர்ல சாரா ஜேன் ஓட்டுவாங்களே ஒரு பச்சை கார், அது ஃபிகாரோதான். ஆஸ்டின்ங்கிற பேரே பிரிட்டன் சாலையில மறைஞ்சு போன காலத்துல, அந்த ஞாபகத்தை ஜப்பான்காரன் செஞ்ச வண்டியில அவங்க காசு கொடுத்து வாங்கினாங்க.

அமெரிக்காவுக்கு லேட்டா போச்சு, 25 வயசு ஆன காரைத்தான் அவங்க பாதுகாப்பு விதிகள்ல இருந்து விட்டுக் கொடுப்பாங்க, அதனால 2016ல இருந்து. நம்ம ஊருக்கு? ஆசைப்படாதீங்க. மூணு வருஷத்துக்கு மேல பழசான காரை இறக்குமதி பண்ண பொதுவா இங்க வழி கிடையாது.

இனி அந்தத் தாத்தா விஷயம். ஃபிகாரோவோட அழகான உடம்பைக் கழட்டிட்டா அடியில இருக்கிறது 1982 மார்ச். அதே 987 சிசி இன்ஜின், கூட ஒரு டர்போ. அந்த டர்போ இன்ஜின்கூட புதுசு இல்லை, 1985லயே மார்ச் டர்போவுல வந்தது. மூணே கியர் உள்ள ஆட்டோமேட்டிக், மேனுவல் கிடையாது. நிஸ்ஸான் தன் பெரிய தொழிற்சாலையில இதைச் செய்யலை, தகாதா கோக்யோங்கிற வெளி கம்பெனிகிட்ட கொடுத்துச் செஞ்சாங்க. கார் மேல நிஸ்ஸான்னு பேர்கூட போடலை. நான் கோட் எழுதுற ஆளு, எனக்கு இது எப்படித் தெரியுதுன்னா, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு பழைய ப்ராஜெக்ட்டை ஃபோர்க் பண்ணி, பேக்எண்டைத் தொடாம, ஃப்ரண்ட்எண்டை மட்டும் புதுசா எழுதினது. பேக்எண்டை லட்சக்கணக்குல பேர் பயன்படுத்தியாச்சு, அதுல என்ன உடையும்னு எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். ஃப்ரண்ட்எண்டு? மொத்த உலகத்துலயும் 20,000 காப்பிதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு இந்த ஒரு வரலாற்றுத் தகவல்தான் எல்லாமே. டைமிங் பெல்ட் போச்சா, ஃபில்டர் மாத்தணுமா, பயப்பட வேண்டியதில்லை, அது மைக்ரா சமாச்சாரம். ஆனா அந்த க்ரோம் முகப்பு, துணிக் கூரை, பழைய ரேடியோ மாதிரி முகம் வச்ச சிடி பிளேயர், டாஷ்போர்டுல இருக்கிற குட்டி குமிழ்கள் இதெல்லாம் வேற எந்தக் கார்லயும் கிடையாது. உடைஞ்சா இன்னொரு ஃபிகாரோவுல இருந்துதான் வரணும், இல்லை ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் செஞ்சு தரணும், அவர் சொல்றதுதான் விலை. எந்த அழகுக்காக வாங்குறோமோ அந்த அழகுதான் செலவு வைக்கும். இன்ஜின் பாவம், அது பாட்டுக்கு ஓடும்.

இதெல்லாம் நான் ஏன் இவ்வளவு தோண்டினேன்னா, என் சித்தி பொண்ணு லெஸ்டர்ல நர்ஸா இருக்கா. ஒரு நாள் ராத்திரி போட்டோ அனுப்பினா. வெளிர் நீலப்பச்சை ஃபிகாரோ, 'பேல் அக்வா'. "அண்ணா, இது வாங்கலாமா? சொல்லு சீக்கிரம், வேற யாரோ கேட்கறாங்களாம்." விலை 7,500 பவுண்டு. அவ நைட் டூட்டி போட்டுச் சேர்த்த காசு. அவகிட்ட இருக்கப்போற ஒரே காரும் அதுதான். டூட்டி முடியற விடிகாலையில அவ ஏரியாவுக்கு பஸ் கிடையாது. வீட்டு வாசல்ல நிறுத்தி போட்டோ எடுக்க மட்டும் இல்லை இந்தக் கார், ஜனவரி குளிர்ல காலைல அஞ்சரைக்கு ஸ்டார்ட் ஆகணும்.

நான் கேட்ட முதல் கேள்வி: இந்தக் கார் பிரிட்டனுக்கு எந்த வருஷம் வந்தது?

எத்தனை மைல் ஓடியிருக்குன்னு எல்லாரும் கேட்பாங்க. இந்தக் காருக்கு அதை விட முக்கியம், எத்தனை பிரிட்டிஷ் குளிர்காலம் பார்த்திருக்குங்கிறது. அங்க ரோட்டுல ஐஸ் கட்டாம இருக்க உப்புப் போடுவாங்க. அந்த உப்புத் தண்ணி அடியில தெறிச்சு, தகரத்தைத் தின்னும். 1998ல வந்த காரும் 2018ல வந்த காரும் ஒரே வயசுதான், ஆனா முன்னது இருபது உப்புக் காலம் கூடுதலா பார்த்தது. ஜப்பான்ல ஹொக்கைடோ மாதிரி பனி ஊர்ல ஓடின காரா இருந்தா அந்தக் கணக்கு வேற. நம்ம ஆர்.சி. புக் மாதிரி அங்க வி5சின்னு ஒரு பேப்பர் இருக்கு. பிரிட்டன்ல முதல்ல பதிவு பண்ணின தேதி அதுல இருக்கும்.

அடுத்து எம்ஓடி. அங்க மூணு வயசு தாண்டின காருக்கு வருஷா வருஷம் சோதனை. அந்த ரிப்போர்ட்டெல்லாம் அரசாங்க இணையதளத்துல இருக்கு, வண்டி நம்பரைப் போட்டா யார் வேணா இலவசமா பார்க்கலாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. லாக் ஃபைல் படிக்கிற மாதிரியே. பாஸா ஃபெயிலான்னு மட்டும் பார்க்கக் கூடாது, பாஸ் பண்ணிட்டு கீழ எழுதியிருக்கிற எச்சரிக்கைகளைப் பார்க்கணும். இவ அனுப்பின கார்ல மூணு வருஷம் தொடர்ந்து ஒரே வரி: அடிப்பாகத்துல துரு. நாலாவது வருஷம் அந்த வரி காணோம். சரி பண்ணிட்டாங்களோ? இருக்கலாம். வெல்டிங் பண்ணின பில் இருக்கான்னு கேட்கச் சொன்னேன். இல்லைன்னு பதில். அடியில புதுசா தார் மாதிரி கறுப்புப் பூச்சு மட்டும் இருந்தது. துருவை வெட்டி எடுக்காம மேல பூசினா, ஈரம் உள்ளேயே நின்னு இன்னும் வேகமா தின்னும். வெளியில பளபளன்னு இருக்கும்.

ஃபிகாரோ துருப்பிடிக்கிற இடங்கள் தெரிஞ்ச இடங்கள்தான். பின் சக்கரத்துக்கு மேல வளைஞ்சிருக்கிற விளிம்பு. கதவுக்குக் கீழ முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் நீளமா ஓடுற தகரப் பெட்டி. இது வெறும் அலங்காரம் இல்லை, கார் உடம்பைத் தாங்குறதே அதுதான். அங்கெல்லாம் ஒரு சின்ன காந்தம் வச்சுப் பார்க்கச் சொன்னேன். ஒட்டலைன்னா உள்ள தகரம் இல்லை, பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. நம்ம ஊர் டிங்கரிங் கடையில வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்லை.

கூரை: பக்கவாட்டுச் சட்டம் அப்படியே நிக்கும், நடுவுல இருக்கிற துணியும் பின் கண்ணாடியும் மட்டும்தான் பின்னாடி போகும். முழு கன்வெர்ட்டிபிள் இல்லை. ஒரு தடவை முழுசா திறந்து மூடச் சொல்லுங்க. அப்புறம் கால் வைக்கிற இடத்துல மேட்டைத் தூக்கித் தரையை விரலால அழுத்திப் பாருங்க. ஈரமா இருந்தா கூரை ஒழுகுது, ஒழுகினா உள்ள இருந்தும் துரு வருதுன்னு அர்த்தம். டர்போவுக்கு, வண்டி நல்லா சூடான பிறகு ஆக்ஸிலேட்டர் கொடுத்து பின்னாடி நீலப் புகை வருதான்னு பாருங்க, வந்தா ஆயில் எரியுது. கியர் ஆயிலை மோந்து பாருங்க, கருகின வாடை வரக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா, ஏன்னு கேளுங்க.

மீட்டர் ஒரு தனிக் குழப்பம். ஜப்பான் கார், கிலோமீட்டர்ல ஓடும். பிரிட்டன் வந்ததும் சில பேர் மைலுக்கு மாத்துவாங்க, சில பேர் டயலை மட்டும் மாத்துவாங்க. எம்ஓடி ரிப்போர்ட்டுல ஒவ்வொரு வருஷமும் ரீடிங் எந்த யூனிட்ல எழுதியிருக்குன்னு வரிசையா பார்த்தா, எங்க தாவுதுன்னு தெரிஞ்சிடும். ரேடியோவும் அப்படித்தான். ஜப்பான் எஃப்எம் பழைய செட்டுல 76ல இருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பிரிட்டன்ல 87.5ல இருந்து 108. தனியா கருவி மாட்டலைன்னா ஓரத்துல ரெண்டு மூணு ஸ்டேஷன்தான் கேட்கும். இது வாங்காம இருக்கக் காரணம் இல்லை, ஆனா தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

இதையெல்லாம் விட நான் கவலைப்பட்டது வேற. ஐரோப்பாவுல யூரோ என்கேப் மோதல் சோதனை தொடங்கினதே 1997ல. இந்தக் காரோட எலும்பு 1982. தினமும் இருட்டுல, லாரிகளுக்கு நடுவுல ஓட்டப் போற ஒருத்திக்கு இதை ஒரே காரா வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரலை. இன்னொன்னு, கிளாசிக் கார் இன்ஷூரன்ஸ் மலிவா இருக்கும், ஆனா அதுல பெரும்பாலும் வருஷத்துக்கு இவ்வளவு மைல்தான்னு கட்டுப்பாடு இருக்கும், சில பாலிசியில வேலைக்குப் போய் வர்றதே சேராது. நான் இதைச் சொன்னதும் அவ, "அண்ணா, நீ எனக்கு மூளைக்குப் பதில் சொல்ற, நான் மனசுக்குக் கேட்டேன்"ன்னா. பதினாறு மணி நேர டூட்டி முடிச்சு வெளிய வர்றப்போ பார்க்கிங்ல சாம்பல் நிற ஹேட்ச்பேக் நிக்கறதுக்கும் இது நிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்காம். 1987ல டோக்கியோவுல நிஸ்ஸான் வித்ததும் இதைத்தான். அப்போ வேலை செஞ்சது, இப்பவும் வேலை செய்யுது. அதனால நான் அதுக்கு மேல வாதாடலை.

இந்த வித்தை அதோட நிக்கவும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் 1994ல டெட்ராய்ட்ல ஒரு மாதிரியைக் காட்டி, 1997 கடைசியில நியூ பீட்டிலா தயாரிக்க ஆரம்பிச்சாங்க. பழைய பீட்டில்ல இன்ஜின் பின்னாடி, புதுசுல முன்னாடி, ஏன்னா அடியில இருந்தது கோல்ஃப். 2000ல கிரைஸ்லர் பிடி க்ரூஸர், 2001ல பிஎம்டபிள்யூவோட மினி, 2007ல ஃபியட் 500, அதுக்கு அடியில பாண்டா. எல்லாத்துலயும் அதே கணக்கு, சாதாரண எலும்பு, பழைய முகம். இதுல எதையாவது நீங்க செகண்ட்ஸ்ல பார்த்தாலும் முதல்ல அடியில என்ன கார் இருக்குன்னு தேடுங்க. அப்புறம் அந்த மாடலுக்கு மட்டுமே சொந்தமான பாகம் எதெதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, அந்த லிஸ்ட்டுல எத்தனை உடைஞ்சிருக்குன்னு எண்ணுங்க. ஆனா இவங்களுக்கும் ஃபிகாரோவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பீட்டில், மினி, ஃபியட் 500 மூணும் தன் குடும்பத்தோட பழைய ஆல்பத்தைத் திறந்தாங்க. ஃபிகாரோவுக்கு அப்படி ஒரு மூத்த கார் கிடையாது. இல்லாத ஒரு பழைய காருக்கு அது ரீமேக்.

பிரிட்டன்ல 40 வயசு ஆன காருக்கு, பெருசா மாத்தம் செய்யாம இருந்தா, எம்ஓடி கட்டாயம் இல்லை. ஃபிகாரோக்களுக்கு அது 2031 வாக்குல வரும். ஓனருங்க கொண்டாடுவாங்க. வாங்குறவங்களுக்கு அது நல்ல சேதி இல்லை, ஏன்னா நான் மேல சொன்ன அந்த லாக் ஃபைல் அன்னைக்கு நின்னு போகலாம். அதுக்குப் பிறகு அடியில என்ன நடக்குதுன்னு விக்கிறவர் வாய்தான் சாட்சி.

சித்தி பொண்ணு அந்த நீலப்பச்சையை விட்டுட்டா. பில் இல்லாத கறுப்புப் பூச்சுதான் காரணம். இப்போ ஒரு 'லாபிஸ் கிரே' பார்த்து வச்சிருக்கா. நாலு பருவத்துக்கு நாலு கலர்னு செஞ்சதுல இது குளிர்காலத்துக்கானது. 2019லதான் பிரிட்டன் வந்திருக்கு, ஜப்பான் ஏலத்துல எழுதின சோதனைத் தாளும் கூட இருக்காம். விலை 1,400 பவுண்டு அதிகம். லிஃப்ட்ல ஏத்தி அடியைக் காட்ட விக்கிறவர் ஒத்துக்கிட்டார். சனிக்கிழமை காலைல போறா. காந்தம் வாங்கிட்டாளாம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற தாஜ்மஹால் காந்தம்.